மசுயா மாப்பிள்ளையின் டோப்பா

செங்கிச்சியை நான் முதலில் சந்தித்தது கியோட்டோ உசுமசா சினிமா ஸ்டுடியோவின் டோப்பா அறையில். சந்தித்த மறு நிமிஷமே அவர் என் தலையை அளந்துவிட்டார்.

ஸ்டுடியோ அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் ஊர் டாம்பா மலைப்பக்கம். அங்கே கஷ்கொட்டை மரங்களும் காட்டுப்பன்றிகளும்தான் பெரிய குடும்பங்கள். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்ற நினைப்பு அப்போது ஈரம்கூடக் காயாமல் இருந்தது. டோப்பா அறைக்குப் போய் ஒரு பட்டியல் வாங்கி வரும்படி அனுப்பியிருந்தார்கள். தரையிலிருந்து கூரை வரை மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நடிகர் பெயர். எல்லாம் ஒரே அளவு, ஒன்றைத் தவிர. அது மட்டும் கல்யாண வீட்டுச் சோற்றுப் பானையை உள்ளே இறக்கலாம் போலிருந்தது.

“இதுல என்னங்க இருக்கு?” என்று பொதுவாகக் கேட்டேன்.

“என் தலை,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். ஒரு கையில் ஊறுகாய் வாளியோடு ஐம்பத்தாறு வயது மனிதர் நின்றிருந்தார். தோள் அகலம், கால் குட்டை, இரண்டுக்கும் மேலே அந்தத் தலை. பெட்டி பொய் சொல்லவில்லை.

“காலேஜ் படிச்ச பையன் வந்திருக்கான்னு சொன்னாங்களே, அது நீதானா?”

“ஆமாங்க,” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

வாளியைக் கீழே வைத்தார். மேஜையில் கிடந்த அளவு நாடாவை எடுத்து என் நெற்றியைச் சுற்றினார். “அம்பத்தஞ்சரை.” அதே நாடாவைத் தன் தலையில் சுற்றினார். “அறுபத்து மூணு. எட்டாங்கிளாஸோட நின்ன தலை இது. படிப்பு உள்ள போனா சுருங்கிடும்போல.”

அதற்குப் பிறகு ஐந்து வருஷமாக அவர் சொன்னதையும், அவர் மனைவி ஷிசு அவ்வப்போது குறுக்கே புகுந்து திருத்தியதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இருவர் பேச்சும் ஒத்துப்போகாத இடங்களில் ஷிசு சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

செங்கிச்சி பிறந்தது வடக்கே, கடலோரத்தில். மைசுரு துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் கராத்தே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்பதைவிட, கப்பல் இறக்கும் ஆட்களிடம் அடி வாங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார் என்பதுதான் சரி. அவருடைய திறமை முழுக்க அடிப்பதில் இல்லை, தப்பிப்பதில் இருந்தது. அத்தனை பெரிய தலையை வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டுமானால் வேறு வழியும் இல்லை. எவன் கை ஓங்கினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதனால் கை கிளம்புமுன்பே அந்தத் தலை இடம் மாறிவிடும். இருபத்தைந்து வயதில் வடக்குக் கடலோரப் போட்டியில் பரிசு வாங்கினார். அவரை இறுதிவரை ஒருவராலும் தொட முடியவில்லை. அவரும் ஒருவரையும் பெரிதாகத் தொடவில்லை என்பது ஷிசுவின் திருத்தம்.

அந்தப் பரிசைக் காட்டித்தான் கியோட்டோவில், நிஷிஜின் நெசவுத் தெருக்களுக்கு நடுவே இருந்த மசுயா ஊறுகாய்க்கடைக்கு மாப்பிள்ளையாக வந்தார். கடைக்காரர் யாசுகேவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கடைப் பெயரைக் கட்டிக் காக்க, மகளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை வேண்டியிருந்தது. ஊறுகாயை அழுத்தி வைக்கும் நூறு கிலோக் கற்களைத் தினமும் தூக்கிப் பீப்பாய்மேல் வைக்கிற ஆள் வேண்டுமென்பது அதைவிட முக்கியம். வந்தவருக்கு மாமனார் வீட்டுப் பெயர், மாமனார் வீட்டுச் சோறு, மாமனார் வீட்டுக் கல்.

“மூணு ஆழாக்குத் தவிடு கையில இருந்தாக்கூட வீட்டோட மாப்பிள்ளையா போகாதேன்னு பெரியவங்க சொல்வாங்க,” என்று அடுத்த கடைப் பாய்க்காரர் மொகுபெய் கல்யாணத்தன்றே சொன்னார். “நீ ஊறுகாய் போடுற தவிட்டுப் பீப்பாய்க்குள்ளயே வந்து விழுந்துட்டியேப்பா!”

கியோட்டோவில் குளிர்காலத்தில் கபுரா என்றொரு முள்ளங்கி வரும். பந்துபோல உருண்டையாக, வெள்ளைவெளேரென்று, மனிதத் தலை அளவுக்கு. அதைக் காகிதம்போலச் சீவி, கடற்பாசியோடு அடுக்கி ஊறப்போடுவதுதான் மசுயாவின் பெயர்பெற்ற சரக்கு. புது மாப்பிள்ளை வந்த முதல் குளிர்காலத்தில் கபுராக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தபோது, மொகுபெய் எட்டிப் பார்த்து, “யாசுகே, அந்தப் பெரிய கபுரா என்ன விலை?” என்று கேட்டார். அன்று வைத்த பெயர். இன்றுவரை நிஷிஜினில் பாதிப் பேருக்கு அவருடைய உண்மைப் பெயர் தெரியாது.

சினிமாவுக்கு அவர் போகவில்லை, ஊறுகாய்தான் கூட்டிப்போனது. ஸ்டுடியோ சாப்பாட்டுக்கூடத்துக்கு மசுயாவிலிருந்து வாரம் இருமுறை ஊறுகாய் போகும். போர் முடிந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு வாள்சண்டைப் படம் வெளியிட்டும் ஜனங்களுக்குப் போதாத காலம். ஒருநாள் செத்து விழ ஆள் குறைந்தது. வாளியை இறக்கிவைத்துக்கொண்டிருந்த செங்கிச்சியின் தோளைப் பார்த்த யாரோ, “நீ வா,” என்றார்கள்.

போனார். டோப்பா அறையில்தான் சிக்கல் தொடங்கியது.

துணை நடிகர்களுக்கென்று பொது டோப்பாக்கள் இருந்தன. பெரியது, நடு, சின்னது. பெரியதை எடுத்து மாட்டினார்கள். தேநீர்க் கிண்ணத்தைத் தர்பூசணிமேல் கவிழ்த்ததுபோல உச்சியில் நின்றது. டோப்பா அறைத் தலைவர் இசோமுரா, வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது தலையா, இல்ல கழுத்துமேல யாராவது எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்களா?”

“பொறந்தப்பவே இப்படித்தாங்க அண்ணே.”

“உங்கம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.”

அன்று அவரை முகமூடி போட்டுச் சமாளித்து அனுப்பினார்கள். ஆனால் இசோமுரா தொழிலில் ரோஷக்காரர். தன் அறைக்கு வந்த ஒரு தலை டோப்பா இல்லாமல் திரும்பியது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த வாரமே செப்புத் தகட்டை எடுத்து, செங்கிச்சியின் தலைமேலேயே வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அளவுக்கு வளைத்து, ஒரு அடித்தகடு செய்துவிட்டார். அதன்மேல் முடி, கொண்டை, எல்லாம். பெட்டியும் செய்தார். பெட்டியில் பெயரும் எழுதினார்.

இதில்தான் விவகாரமே இருக்கிறது. அந்த ஸ்டுடியோவில் சொந்த டோப்பா என்பது பெரிய நடிகர்களுக்கு மட்டும். பத்து வருஷம் பதினைந்து வருஷம் செத்து விழுந்து, ஒரு வசனம் இரண்டு வசனம் என்று ஏறி, கடைசியில் ஒருநாள் ‘உனக்குத் தகடு வளைக்கப்போகிறார்கள்’ என்று கேள்விப்பட்டுக் கண்கலங்கியவர்கள் உண்டு. சொந்தப் பெட்டி இருப்பவர் கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்காரலாம். மற்றவர்களுக்குப் பெரிய கூடத்துத் தரைதான். செங்கிச்சிக்கு நாற்காலி வந்துவிட்டது. தலைமை வில்லனுக்கும் ஊழல் அமைச்சருக்கும் நடுவே அவர் தொடைமேல் கை வைத்து உட்கார்ந்திருப்பார். பேச அவருக்கு ஒரு வார்த்தை கிடையாது.

“ஐயா, இன்னிக்கு என்ன வேஷங்க?” என்று அமைச்சர் மரியாதையாகக் கேட்பார்.

“பல்லக்குத் தூக்குறேங்க.”

டோப்பா வந்தும் முகம் வரவில்லை. இரண்டு வருஷத்தில் நாற்பது படம். கூடைத்தொப்பி போட்ட துறவி. முழுக்கக் கறுப்பு கட்டிய ஒற்றன், கண் மட்டும் தெரியும்; அதையும் கேமராமேன் எடுக்கவில்லை. முதுகு காட்டி ஓடும் திருடன். கிணற்றுக்குள் விழுந்து கிடக்கும் பிணத்தின் கால். நிஷிஜின் ஜனங்கள் ஒவ்வொரு படத்துக்கும் காசு கொடுத்துப் போய்த் தேடிவிட்டு வந்து, மறுநாள் கடைக்கு முன்னால் நின்று சண்டை போடுவார்கள். “இடது பக்கம் மூணாவது ஆள்தான் கபுரா.” “கிடையவே கிடையாது, அது ஒரு மரம்.”

மாமனார் யாசுகே பேச்சில் சிக்கனக்காரர். கல் வைக்க வேண்டிய மாப்பிள்ளை கல்தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறான் என்பது அவர் வயிற்றில் புளித்துக்கொண்டே இருந்தது. ஒரு இலையுதிர்காலச் சாயங்காலம், மொகுபெய்யையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, வாய் திறந்தார்.

“மாப்ளே, ரெண்டு வருஷமாச்சு. உன் மூஞ்சியை நான் வீட்லதான் பாக்குறேன்.”

“அடுத்த படத்துல தெரியும் மாமா.”

“போன படத்துக்கும் இதையேதான் சொன்னே. கெணத்துல உன் காலைக் காட்டினான். ஒரு காலைப் பாக்கவா நான் கடையை அடைச்சுட்டுப் போனேன்?” தேநீரை ஒரு வாய் குடித்தார். “புதுவருஷப் படம் வருதில்ல? அதுல மூஞ்சி தெரியணும். தெரு ஜனம் பாத்து, ‘அதோ மசுயா மாப்பிள்ளை’ன்னு சொல்லணும். தெரியலேன்னா அந்த டோப்பாவைக் கழட்டி வெச்சுட்டு இங்கயே கல்லைத் தூக்கு. மறுபடியும் சினிமாப் பேச்சு எடுக்கக் கூடாது. சரியா?”

செங்கிச்சிக்கு வேறு போக்கிடம் இல்லை. பெயரே மாமனார் பெயர். “சரிங்க மாமா,” என்றார்.

மொகுபெய் பாயை முடைவதுபோலவே பேச்சையும் இறுக்குவார். “மூஞ்சின்னா ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு, ஒரு வாய். மூணும் இருக்கணும் கபுரா. காதை வெச்சு ஒப்பேத்திடாதே.”

இந்த இடத்தில் அதிர்ஷ்டம் ஒரு தப்பு செய்தது. புதுவருஷப் படத்துக்காக டோக்கியோவிலிருந்து வந்திருந்த இயக்குநர் ஒனிசாவாவுக்கு இங்குள்ளவர்கள் யாரையும் தெரியாது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க டோப்பா அறைக்குப் போய், பெட்டிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் பெரிய பெட்டி யாருடையதோ அவர்தான் எல்லாரிலும் பெரிய நடிகர் என்று அவருடைய டோக்கியோ மூளைக்குப் பட்டிருக்கிறது. “இவர் யார்?” என்று கேட்டார். “கராத்தே தெரிஞ்சவருங்க,” என்றார் இசோமுரா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல். அது பொய்யும் இல்லை.

கடைசிச் சண்டை செங்கிச்சிக்கு வந்தது. ஆயுதமில்லாமல் வெறுங்கையோடு நாயகனை எதிர்க்கும் முரடன். முதலில் நாயகனுடைய இரண்டு வெட்டுகளை விலகித் தப்ப வேண்டும். மூன்றாவது வெட்டைத் தோளில் வாங்கி, கேமராவை நேருக்கு நேர் பார்த்தபடி மெல்லச் சரிந்து சாக வேண்டும். கேமராவை நேருக்கு நேர்! வீட்டுக்கு ஓடிவந்து ஷிசுவிடம் சொன்னபோது அவருக்கு மூச்சு முட்டியது.

நாயகன் ஷிராமினே. ஸ்டுடியோவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை, பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அறுபதைத் தொட்ட வயது. அவர் வாளை வீசினால் எதிராளி வந்து அதில் விழ வேண்டும். முப்பது வருஷமாக எல்லாரும் அப்படித்தான் விழுந்து வந்தார்கள்.

முதல் வெட்டு, செங்கிச்சி தப்பினார். சபாஷ். இரண்டாவது வெட்டு, தப்பினார். சபாஷ். மூன்றாவது வெட்டு.

தப்பிவிட்டார்.

“என்னய்யா பண்றே?” என்றார் சண்டைப் பயிற்சியாளர் ஹடானோ.

“தெரியலீங்க. அதுவா நகர்ந்திடுச்சு.”

“எது?”

“தலைங்க.”

மறுபடி எடுத்தார்கள். மறுபடி தலை நகர்ந்தது. தோள் அங்கேயே இருக்க வேண்டும் என்று செங்கிச்சி மனசார விரும்பினார். ஆனால் தலை போகிற இடத்துக்குத்தானே தோளும் போகும். ஐந்தாம் தடவை பெரியவர் வீசிய வாள் காற்றை வெட்டிக்கொண்டு போக, பின்னாலேயே பெரியவரும் போனார். ஒரு செருப்பு கழன்று தனியாக விழுந்தது.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாக வந்தார். “தம்பி, முப்பது வருஷத்துல என் வாளுக்குச் சாகாதவன் நீ ஒருத்தன்தான். உனக்கு ஆயுசு கெட்டி. ஆனா படம் முடியணுமே?” பிறகு ஹடானோவிடம் திரும்பினார். “நாளைக்கு ஒரே ஒரு தடவை. சாகலேன்னா வேற ஆளை வை.”

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்கட்டில் ஷிசு ஒரு நீள முள்ளங்கியைக் கையில் எடுத்தாள். “அசையாம நில்லுங்க. நான் அடிக்கிறேன். வாங்கிப் பழகுங்க.”

“மெதுவா அடி.”

அவள் மெதுவாக அடித்தாள். செங்கிச்சி விலகினார். அவள் கண்ணை மூடச் சொல்லி அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டே விலகினார். பின்னாலிருந்து அடித்தாள், முள்ளங்கி தூணில் பட்டு இரண்டாக உடைந்தது. ஆறு முள்ளங்கி போன பிறகு உள்ளேயிருந்து யாசுகேயின் குரல் வந்தது.

“ஷிசு! அது ஊறுகாய்க்கு வாங்கினது. புருஷனை அடிக்கணும்னா கட்டையால அடி.”

ஷிசு கீழே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஏங்க, நிஜமாவே ஒரு தடவை அடி வாங்கினா என்ன ஆயிடும்?” என்று கேட்டாள். செங்கிச்சி உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். மைசுருவில் அடி வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. அவர் மறந்தாலும் அவர் உடம்பு மறக்காது.

மறுநாள் காலை இசோமுரா அவருக்கு டோப்பா மாட்டினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. நெற்றியோரம், காதோரம், பிடரி என்று தூரிகை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. செங்கிச்சி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு இசோமுரா குனிந்து காதருகே சொன்னார்.

“கபுரா, ஒரு சமாச்சாரம். பசை தீர்ந்துபோச்சு.”

“என்னது?”

“சும்மா ஒக்காத்தி வெச்சிருக்கேன். கொஞ்சம் ஆட்டினாலும் பறந்துடும். போனமாசம் ஒருத்தனுக்கு அப்படித்தான் பெரியவர் மூஞ்சிமேல போய் விழுந்துச்சு. அவன் இப்ப குளியல்கூடத்துல வெறகு போடுறான்.”

“அண்ணே, வேற பசை...”

“இல்ல. கூப்பிடறாங்க, போ. ரெண்டு வெட்டுக்கு இடுப்பை வளைச்சுத் தப்பிச்சுக்க. தலையை மட்டும் ஆட்டாதே. உனக்குன்னு இந்த ஊர்ல இருக்கிற ஒரே பொருள் அதுதான், பாத்துக்க.”

அது நெஞ்சில் தைத்தது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பெயர் மாமனாருடையது, வீடு மாமனாருடையது, உள்ளாடைகூட ஷிசு வாங்கியது. அவருடைய பெயர் எழுதி, அவருக்கென்றே தட்டி வளைத்த ஒரே பொருள் அந்த டோப்பாதான்.

தண்ணீர்க் குடம் சுமக்கிறவர்போலத் தளத்துக்கு நடந்து வந்தார். ஆட்டம் தொடங்கியது. முதல் வெட்டை இடுப்பு வளைந்து வாங்காமல் விட்டது, தலை அசையவில்லை. இரண்டாவது வெட்டு, முழங்கால் மடிந்து தப்பியது, தலை அசையவில்லை. உடம்பு முழுக்க ஒரு பக்கம் ஆட, தலை மட்டும் ஆணி அடித்ததுபோல நடுவே நிற்க, பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு முரடன் நிஜமாகவே உண்டு என்று பட்டது. மூன்றாவது வெட்டு கிளம்பியது. தலை நகரத் துடித்தது. ‘ஆட்டினா பறந்துடும்.’ ஒரு கணம் இரண்டும் இழுத்துக்கொண்டன. டோப்பா ஜெயித்தது.

பளாரென்று தோளில் விழுந்தது மூங்கில் வாள். அவர் வாழ்க்கையில் முழுசாக வாங்கிய முதல் அடி. வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்ததாம். அடியின் அதிர்ச்சியில் டோப்பா எகிறிவிடும் என்ற பயத்தில் இரண்டு கையும் தாமாக மேலே போய்த் தலையை இறுகப் பிடித்துக்கொண்டன. அப்படியே, தலையைப் பிடித்தபடி, அகலக் கிமோனோக் கைகள் இரண்டு பக்கமும் திரைபோலத் தொங்க, மெல்ல முழங்காலில் சரிந்து, கடைசிவரை பிடியை விடாமல் குப்புற விழுந்தார்.

பெரியவரே முதலில் கை தட்டினார். இயக்குநர் ஒனிசாவா ஓடிவந்தார். “அற்புதம்! போகிற உயிரைப் போகாதேன்னு புடிச்சு வெக்கிற மாதிரி! யார் சொல்லிக் கொடுத்தது?”

“டோப்பாங்க...” என்று தரையிலிருந்தே தொடங்கினார் செங்கிச்சி. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவை நேருக்கு நேர் பார்த்துச் சாக வேண்டிய இடத்தில், கிமோனோக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு செத்திருக்கிறார். “அய்யா, இன்னொரு தடவை எடுங்களேன். மூஞ்சி தெரியற மாதிரி...”

“முகமா? முகம் எதுக்கு?” என்றார் ஒனிசாவா. முதல் இரண்டு வெட்டுகளின்போது பெரியவருடைய முகம்தான் கேமராவில், செங்கிச்சியுடையது முதுகு. அதுவும் செங்கிச்சிக்குத் தெரியும்.

டோப்பா அறைக்குத் திரும்பி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “கழட்டுங்கண்ணே. இனிமே இது எனக்கு எதுக்கு?” இசோமுரா இழுத்தார். வரவில்லை. எண்ணெய் தடவி இழுத்தார். வரவில்லை. பசை தீர்ந்துபோகவில்லை, இரண்டு மடங்கு தடவப்பட்டிருந்தது. கழற்றி முடிக்க ஒரு மணி நேரமும் நெற்றித் தோலில் கொஞ்சமும் செலவானது.

“சிமென்டு போட்டாக்கூட இப்படிப் புடிக்காது,” என்றார் இசோமுரா, புகையை விட்டபடி. “நீ என்னடான்னா ரெண்டு கையாலயும் வேற புடிக்கிறே.”

வீட்டில் செங்கிச்சி ஷிசுவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் கையிலிருந்த கபுராவைச் சீவி முடித்தாள். “காது தெரியுமா?” என்று கேட்டாள் கடைசியில். “தெரியாது,” என்றார்.

புதுவருஷம் இரண்டாம் நாள். வெள்ளை மிசோ என்ற சோயா விழுதில் அரிசிக் கொழுக்கட்டை போட்ட கஞ்சியைக் குடித்துவிட்டு, நல்ல கிமோனோ உடுத்தி, தெருவே சென்போன் தெருத் திரையரங்குக்குக் கிளம்பியது. யாசுகே முன்வரிசை நடுவில் உட்கார்ந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு. ஷிசு அவருக்கு இடது பக்கம், செங்கிச்சி அவளுக்குப் பின்னால், முடிந்தவரை தலையைத் தாழ்த்தி. முடிந்தவரை என்றால் அவ்வளவாக முடியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “முன்னாடி தூண் மறைக்குது,” என்றாள். மாடியில் மொகுபெய் சாக்கே மதுப் புட்டியோடு இருந்தார்.

மொகுபெய்யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குக் கபுகி நாடகப் பைத்தியம். கபுகியில் நடிகர் மேடையின் முக்கிய இடத்தில் வந்து நின்றால், மேல்தளத்து ரசிகர்கள் அவருடைய பெயரைக் கூவ மாட்டார்கள்; அவர் பரம்பரையின் வீட்டுப் பெயரைக் கூவுவார்கள். அந்தச் சரியான நொடியில் கூவுவதுதான் ரசிகனுக்குப் பெருமை. வருஷக் கடைசி நாடகத்துக்கு அந்த ஒன்றுக்காகவே போகிறவர் அவர். சினிமாவில் யாரும் அப்படிக் கூவுவதில்லை. கூவினால் திரையிலிருப்பவருக்கா கேட்கப்போகிறது?

கடைசிச் சண்டை வந்தது. திரையில் ஒரு முதுகு. யாசுகே முன்னால் சாய்ந்தார். முதல் வெட்டு. முதுகு. இரண்டாவது வெட்டு. பாதி முதுகு, கொஞ்சம் கழுத்து. மூன்றாவது வெட்டில் ஆள் திரும்பி, கேமராவுக்கு நேராக வந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடிக்க, கிமோனோக் கைகள் முகத்தை மூடிக்கொண்டன. யாசுகேயின் தோள் தளர்ந்தது. செங்கிச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் அந்தக் கிமோனோக் கைகளுக்கு மேலே, பௌர்ணமி நிலாபோலத் திரை முழுக்க எழும்பியது அந்தத் தலை. நிஷிஜினில் அதைத் தெரியாதவர்கள் யார்?

மாடியிலிருந்து சாக்கேயின் முழுப் பலத்தோடு வந்தது குரல்.

“மசுயாஆ!”

பிறகு வலது பக்கத்திலிருந்து சாயக்காரர், “மசுயா!” தூண் மறைக்கிறது என்ற பெண்மணி, “மசுயா!” அரங்கு முழுக்க, ஊறுகாய் வாங்குகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், குழந்தைகள், “மசுயா! மசுயா!” திரையில் முரடன் குப்புற விழுந்து, காட்சி மாறி, நாயகன் மலைப்பாதையில் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

ஐந்து தலைமுறை ஊறுகாய்க்கடை. அதன் பெயரை வாசல் பலகையில் எழுதியிருக்கிறார்கள், பீப்பாயில் எழுதியிருக்கிறார்கள். யாரும் கபுகி நடிகரின் வீட்டைக் கூப்பிடுவதுபோல அதைக் கூப்பிட்டதில்லை. யாசுகே என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார். திரும்பினார். கைகளைத் தொடையில் வைத்து, இருட்டில் இருந்த ஜனத்துக்குக் குனிந்து வணங்கினார். உட்கார மறந்து இன்னொரு தடவை வணங்கினார்.

வீடு திரும்பி, காலைக் கழுவி, கணப்படுப்பின் அருகே எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஷிசு தேநீர் ஊற்றினாள். செங்கிச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூஞ்சி தெரியல,” என்றார் யாசுகே.

“இல்லீங்க மாமா.”

“கண்ணு தெரியல, மூக்கு தெரியல, வாய் தெரியல.”

“ஆமாங்க மாமா.”

“பேச்சுன்னா பேச்சுதான்.” தேநீரைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். “ஆனா நான் என்ன சொன்னேன்? தெரு ஜனம் பாத்து மசுயா மாப்பிள்ளைன்னு சொல்லணும்னு சொன்னேன். சொல்லிட்டாங்க. அதுவும் சும்மாவா சொன்னாங்க...” கவிழ்த்த கிண்ணத்தை மறுபடி நிமிர்த்தி வைத்தார். “கபுரா சீசன்ல, நவம்பர்லேந்து பிப்ரவரி வரைக்கும், நீ எனக்கு. கல்லைத் தூக்கணும். மத்த மாசமெல்லாம் எங்க வேணா போய்ச் சாவு.”

மறுநாள் காலை எட்டு மணிக்குள் கடையிலிருந்த கபுரா ஊறுகாய் முழுக்கத் தீர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு சாவதுதான் அவருடைய முத்திரை. இயக்குநர்கள் கேட்டு வாங்கினார்கள். அம்பு பட்டாலும், விஷம் குடித்தாலும், ஒருமுறை வெள்ளத்தில் அடித்துப் போனபோதும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் செத்தார். அதனால் முப்பது வருஷத்தில் அவர் முகத்தைத் தெளிவாகத் திரையில் பார்த்தவர்கள் மிகவும் குறைவு. அவருக்கு அதில் வருத்தமில்லை என்கிறார். ஷிசு, “இருக்கு. தொலைக்காட்சியில ஒரு தடவை மூஞ்சி வந்துச்சு, அதுக்கப்புறம் மூணு நாள் யார்கிட்டயும் பேசல, அவ்வளவு சந்தோஷம்,” என்று திருத்துகிறாள். யாசுகேயின் ஈமச்சடங்கன்று பாய்க்காரர் மொகுபெய், கடைசியாகச் சவப்பெட்டி வாசலைத் தாண்டியபோது, சரியான நொடி பார்த்து, “மசுயா!” என்று கூவினார். அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

செங்கிச்சிக்கு இப்போது அறுபத்தொன்று. குளிர்காலத்தில் மசுயாவில் கபுரா சீவுகிறார். மார்ச் முதல் அக்டோபர் வரை தொலைக்காட்சித் தொடர்களில் வாரம் இரண்டு மூன்று தடவை சாகிறார். டோப்பா அறையில் அவருடைய பெட்டி அதே அலமாரியில், அதே பெயரோடு இருக்கிறது. உள்ளே இருப்பது நான்காவது அடித்தகடு. தலை அளவு மட்டும் மாறவில்லை.